மோதி ஓடுவோரும் கண்டும் வாளாவிருப்போரும்

(கள்ளக்குறிச்சியில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டு மகாசபையில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம். சபையோரின் விருப்பத்திற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



இம்மகாசபையில் பேசுவோர் கல்வி நிதி, கலியாணச் செலவு, மாணவர் விடுதி, குலதெய்வக் கோயில் திருப்பணி ஆகிய இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். காரியதரிசி அவர்கள் எனக்கும் அங்ஙனமே ஒரு தலைப்பைக் குறித்திருந்தார்கள். அதனை மற்றொரு நாளுக்கு ஒத்திவைத்து, வேறொரு விஷயத்தைக் குறித்துப் பேச அநுமதி வேண்டினேன். அவர்களும் மனமுவந்து அளித்தார்கள். அதற்காக முதற்கண் என் வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்ளுகிறேன்.

விஷயம் யாதெனில், சாலையிலே ஒரு மனிதன்மேல் வண்டியை மோதிவிட்டு நில்லாமல் ஓடிப்போவதும், அதனைக் கண்டவர்கள் போலீஸாரிடம் சொல்லாமல் வாய்மூடியிருப்பதுமாகிய இரண்டு குற்றங்களே. முதலாவது குற்றத்தைப் பற்றி ஊரார் பேசுவர். இரண்டாவதைப் பற்றிப் பேசுவாரில்லை. அவ்விரண்டாவது குற்றத்தைச் செய்தவர்களுள் யானும் ஒருவனாகையால், அதனைக் குறித்துப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டென்று எண்ணுகிறேன்.

நம் பகுதியின் சாலைகள்

2019ஆம் வருஷம் நவம்பர் 26ஆம் தேதி விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவாகிய நமது கள்ளக்குறிச்சி, இரண்டு பெருஞ்சாலைகளுக்கு இடையில் அமைந்தது. சேலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலை சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை வழியாகச் சென்று, உளுந்தூர்பேட்டையில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையோடு கலக்கிறது. இரவும் பகலும் இவ்விரண்டிலும் வண்டிகள் ஓய்வின்றி ஓடுகின்றன. மேற்கே கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கொண்டையூசி வளைவுகளாக ஏறும் மலைச் சாலையில், மேலே போகும்போது உப்பும் உரமும் சிமெண்டும், கீழே வரும்போது மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் ஏற்றிய லாரிகள் செல்லுகின்றன. அச்சாலையிலேயே, தலைச்சுமையோடு ஓரமாய் நடப்பவர்கள் மலையாளிகள் என்னும் மலைவாழ் மக்கள். இவர்கள் கேரள தேசத்தார் அல்லர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகக் கூறிவரும் தமிழ் மக்களேயாவர். 1976ஆம் வருஷம் வரையில் மூன்று ஜாகீர்தார்களின் கைக்குள் இருந்து, ஊதியமில்லா வேலை செய்து, எவரிடமும் முறையிட்டு அறியாதவர்கள்.

நம்மவர்களில் லாரி வைத்திருப்போர் பலர். லாரி ஓட்டுவோர் அவரினும் பலர். பட்டறை நடத்துவோரும் உளர். நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்குச் செல்லுகிறார்கள். நம் பெண்டிர் அதிகாலையில் சாலையோரமாய் நடந்து வயலுக்கும் கோயிலுக்கும் போகிறார்கள். ஆகவே மோதியவன் வீட்டிலும் நாம் இருக்கக்கூடும். மோதுண்டவன் வீட்டிலும் நாம் இருக்கக்கூடும். இதனை இச்சபை மறத்தலாகாது.

2022ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்திய தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 30,486 பேர் மோதியவர் நில்லாமல் ஓடிய விபத்துக்களில் மாண்டவர்கள். ஒரு நாளைக்கு எண்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களில், எந்த வண்டியால் நம் வீட்டு மனிதர் இறந்தார் என்று கேட்டு விடை பெறாமல் அழுகிறார்கள் என்பது இதன் பொருள்.

கண்டதும் மறைத்ததும்

இனி என் குற்றத்தைச் சொல்லுகிறேன். 2018ஆம் வருஷம் தை மாதம். நானும் என் பங்காளி ஒருவரும் வெள்ளிமலையில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு, எங்கள் காரில் கச்சிராயபாளையம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். மாலை மயங்கும் நேரம். எங்களுக்கு முன்னே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வேகமாய்ப் போயிற்று. ஒரு வளைவிலே, கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்து நடந்துகொண்டிருந்த ஒரு மனிதனை அதன் இடப்புறம் தாக்கியது. மூட்டை வெடித்துச் சாலையெங்கும் கடுக்காய் உருண்டதை இன்றும் என் கண்கள் காண்கின்றன. லாரி ஒரு கணம் தயங்கிற்று, பின்பு போய்விட்டது.

நாங்கள் இறங்கி அம்மனிதனைத் தூக்கிக் காரிலே கிடத்திக் கள்ளக்குறிச்சிக்கு விரைந்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உயிர் இருந்தது. நள்ளிரவுக்கு முன்னே பிரிந்துவிட்டது. அங்கே வந்த போலீஸார், "எந்த வண்டி?" என்று வினவினார்கள். நான் என் பங்காளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "இருட்டிவிட்டது, அடையாளம் தெரியவில்லை" என்று சொன்னோம்.

அடையாளம் தெரிந்தே இருந்தது. அந்த லாரியின் பின்புறத்தில் எழுதியிருந்த பெயர் எங்கள் குலதெய்வத்தின் பெயர். வண்டிக்குச் சொந்தக்காரர் எனக்கு மைத்துனர் முறை; பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஓட்டிய பையனும் நம்மவனே. மறுநாள் மைத்துனரிடம் சென்று கேட்டேன். "மச்சான், தெரியாமல் நடந்துவிட்டது. மலையாளிதானே? காரியத்துக்கு ஏதாவது கொடுத்துவிடலாம். நீங்கள் ஒன்றும் வாய் திறக்க வேண்டாம்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, அது போதாதா என்று என் மனத்தை நானே தேற்றிக்கொண்டேன்.

பதினோராம் நாள் இறந்தவனுடைய மனைவி, தன் தமையனுடன் என் கடையைத் தேடி வந்தாள். கையிலே ஒரு சிறு பை. அதிலே என் காரில் தன் புருஷனுக்கு விரித்த துண்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஐயா, தூக்கி வந்தது நீங்கள்தான் என்றார்கள். நீங்கள் நல்லா இருக்கணும். அந்த வண்டி எது என்று ஏதாவது கண்டீர்களா?" என்று கேட்டாள். "இல்லை, அம்மா" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிரவு என்னைப் பெற்ற தாயார் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னார்கள்: "அப்பா, அவள் உன்னைக் கும்பிட்டாளே, அந்தக் கும்பிடு யாருக்கு? தூக்கி வந்தவனுக்கா, மறைத்தவனுக்கா?" நான் உண்ணாமல் எழுந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று, கண்டதனைத்தையும் வாக்குமூலமாகக் கொடுத்தேன்.

இதன் பின்விளைவுகளை இச்சபையில் சிலர் அறிவார்கள். மைத்துனர் வீட்டோடு இரண்டு வருஷம் பேச்சு நின்றது. நம் சங்கத்திலேயே சிலர், சொந்தச் சாதிப் பிள்ளையைப் பிறருக்காகக் காட்டிக்கொடுத்தவன் என்று என்னை ஏசினார்கள். அவ்வேச்சுக்கு விடை கூறுவதே இப்பிரசங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று.

சோழன் செய்த நியாயம்

திருவாரூரில் மனுநீதி கண்ட சோழனின் கதையை அறியாத தமிழர் இலர். அரசிளங்குமரன் தேரோட்டிச் செல்லுகையில் ஒரு கன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று ஆராய்ச்சி மணியை அசைத்தது. மந்திரிகள், பிராயச்சித்தம் செய்து தீர்க்கலாம் என்று நூல்களைக் காட்டினார்கள். பிறனொருவன் உயிர்க்கொலை புரிந்தால் தண்டிக்கும் யான், என் மகன் செய்தால் பிராயச்சித்தம் என்பதோ என்று மன்னன் மறுத்தான். இன்றும் அவனது சிலையைச் சென்னை ஹைகோர்ட்டு வளாகத்திலே காணலாம்.

அன்பர்களே! இக்கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ஆனால் இது வண்டி மோதிய கதை என்பதையும், மோதுண்டதன் தாய் முறையிட்ட கதை என்பதையும் நினைப்பதில்லை. மகனைத் தேர்க்காலில் இடுக என்று நான் கூற வரவில்லை. தன்னவன் என்பதற்காக நியாயத்தின் அளவுகோலை மாற்றாமை ஒன்றையே அதிலிருந்து எடுத்துக்கொள்ளுகிறேன். என் மைத்துனர் "ஏதாவது கொடுத்துவிடலாம்" என்றாரே, அது மந்திரிகள் சொன்ன பிராயச்சித்தமே. அப்பசுவுக்கு அசைக்க ஒரு மணி இருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த அப்பெண்ணுக்கு மணியாக இருந்தவன் நான் ஒருவனே. நானோ நாவற்ற மணியாக இருந்தேன்.

வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் கூறுவது

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, விபத்து நேர்ந்தவுடன் ஓட்டுநர் செய்ய வேண்டியவற்றை விதிக்கிறது. அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்க இயன்றதனைத்தும் செய்தல் வேண்டும். போலீஸார் கேட்பவற்றைச் சொல்லுதல் வேண்டும். அருகில் அவர்கள் இல்லையாயின், இயன்ற விரைவிலும், எவ்வாறாயினும் இருபத்துநான்கு மணி நேரத்திற்குள்ளும், அண்மையிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று நடந்ததைத் தெரிவித்தல் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுதல் வேண்டும்.

இங்கே நம் இளைஞர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ளுதல் நலம். "இறங்கினால் ஊரார் அடித்தே கொன்றுவிடுவார்கள்" என்னும் பயத்தினாலேயே பலர் ஓடுகிறார்கள். அந்த லாரியை ஓட்டிய பையனும் அவ்வாறே பின்னர் என்னிடம் அழுதான். அப்பயம் பொய்யன்று. சட்டமும் அதனை அறிந்திருக்கிறது. கூட்டத்தின் சீற்றத்தினாலோ தன் வசத்திலில்லாத பிற காரணத்தினாலோ அவ்விடத்தில் நின்று உதவ இயலாவிடில், அது குற்றமாகாது என்று அப்பிரிவே கூறுகிறது. ஆனால் அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், உதவாமல் வந்ததற்குரிய காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மலைச் சாலையில் மேலே கரியாலூரிலும் கீழே கச்சிராயபாளையத்திலும் போலீஸ் ஸ்டேஷன் உண்டு. அப்பையன் கச்சிராயபாளையத்து ஸ்டேஷனைக் கடந்தே சென்றான். அதன் வாயிலில் லாரியை நிறுத்தியிருந்தால், அவன் தவறு செய்த ஓட்டுநனாக மாத்திரம் நின்றிருப்பான். நிறுத்தாமையினால் ஓடிப்போனவனும் ஆனான்.

134ஆம் பிரிவை மீறினால் ஆறு மாதம் வரை சிறைவாசமோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019ஆம் வருஷத்துத் திருத்தம் கூறுகிறது. இது, கவனமின்மையால் மரணம் விளைவித்த குற்றத்திற்குரிய தண்டனைக்குப் புறம்பானது. அக்குற்றத்திற்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டு வருஷமே உச்ச அளவு. 2024ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 106ஆம் பிரிவு அதனை ஐந்து வருஷமாக உயர்த்திற்று. மோதிவிட்டுப் போலீஸாருக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே தெரிவியாமல் ஓடுபவருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்று அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு எழுதப்பட்டது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் தேசமெங்கும் வேலைநிறுத்தம் செய்தமையால், சன்ஹிதை அமலுக்கு வந்தபோது அவ்வுட்பிரிவு மாத்திரம் நிறுத்திவைக்கப்பட்டது. அத்தண்டனை மிகையென்று கருதுவோரும் உளர். நம் லாரிக்காரர்களும் அங்ஙனம் கருதலாம். ஆயினும், தெரிவிக்கும் கடமை அவ்வுட்பிரிவினால் வந்ததன்று. 134ஆம் பிரிவிலே முன்னரே உள்ளது என்பதை மறவாதீர்கள்.

வண்டிச் சொந்தக்காரருக்கும் கடமை உண்டு. ஓட்டியவர் யார் என்று போலீஸார் கேட்டால், பெயரும் விலாசமும் தெரிவிக்க வேண்டுமென 133ஆம் பிரிவு விதிக்கிறது. குற்றவாளியைக் காப்பாற்றக் கருதிச் சாட்சியத்தை மறைப்பதும் பொய்த் தகவல் தருவதும் பழைய சட்டத்தின் 201ஆம் பிரிவிலும் புதிய சன்ஹிதையின் 238ஆம் பிரிவிலும் தனிக் குற்றமாகும். "அடையாளம் தெரியவில்லை" என்று நான் சொன்னது எத்தகையதென்று நானே பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கண்டவர் கடமை

கண்டவர் சொல்லாதிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உறவு அன்று, பயமே. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய நேருமே என்னும் அச்சம் நம் ஜனங்களிடம் வேரூன்றியுள்ளது. இதற்கும் மருந்து வந்துவிட்டது. அடிபட்டவருக்கு உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் விதிகளை 2016ஆம் வருஷம் மார்ச் 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு உறுதிசெய்தது. 2019ஆம் வருஷத்துத் திருத்தம் 134–ஏ என்னும் பிரிவாக அதனைச் சட்டத்திலேயே சேர்த்தது. ஆஸ்பத்திரியில் கொண்டுசேர்த்தவரை அவர் விருப்பமின்றிப் பெயரோ விலாசமோ சொல்லும்படி வற்புறுத்தலாகாது, வைத்தியச் செலவைக் கட்டச் சொல்லலாகாது, தடுத்து நிறுத்தலாகாது. அவராகவே சாட்சி சொல்ல இசைந்தால், அவர் விரும்பும் இடத்திற்கே வந்து ஒரே விசாரணையில் முடித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் சொல்லாமற் போகலாம் என்று சட்டமே கூறுகையில் சாட்சியாக நிற்பது எதற்கு என்று சிலர் வினவலாம். அச்சலுகை, அஞ்சாமல் ஓர் உயிரைத் தூக்குவதற்காக அளிக்கப்பட்டது. உயிரைத் தூக்கியபின் நியாயத்தைத் தூக்குவது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. அதனை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறேன்.

செய்ய வேண்டுவன சிலவே. முதலில் 108க்குச் சொல்லுங்கள். பின்பு போலீஸாருக்கு 112இல் சொல்லுங்கள். வண்டியின் எண் முழுதும் தெரியாவிடினும் தெரிந்த எழுத்தையும் எண்ணையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள். நிறம், ஏற்றியிருந்த பாரம், பின்புறத்தில் எழுதிய பெயர், சென்ற திசை, நேரம் ஆகிய இவை ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. விழுந்து கிடக்கும் கண்ணாடித் துண்டையும் பெயர்ந்த வர்ணத்தையும் தொடாமல், போலீஸார் வரும்வரை மிதிபடாமல் காத்துக்கொள்ளுங்கள். வீரசோழபுரம், நத்தக்கரை, செங்குறிச்சி ஆகிய சுங்கச் சாவடிகளில் காமிராக்கள் உள்ளன. நேரமும் திசையும் சரியாகத் தெரிந்தால், நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியைத் தேடுவது எளிது. நாட்கள் கழிந்தால் காமிராப் படங்களும் அழிந்துபோகும். ஆகையால் தாமதம் தகாது. புகாரை வாய்மொழியாகவும் சொல்லலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுக்கப்படின், ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டுக்குத் தபாலில் எழுதலாம்.

அற்பத் தடயமும் எவ்வளவு பயன்படும் என்பதற்கு டில்லியில் நடந்த ஒரு வழக்கே சான்று. 1999ஆம் வருஷம் ஜனவரி 10ஆம் தேதி விடியற்காலையில், லோதி காலனிப் பகுதியில் விலையுயர்ந்த மோட்டார் ஒன்று சாலையில் நின்றிருந்தவர்கள்மேல் பாய்ந்தது. போலீஸார் மூவர் உட்பட ஆறு பேர் மாண்டனர். ஓட்டியவர், கடற்படைத் தளபதியாக இருந்த ஒருவரின் பேரர், நில்லாமல் போய்விட்டார். வண்டியிலிருந்து ஒழுகிய எண்ணெய்த் தடத்தைப் பின்பற்றியே போலீஸார் அது நின்ற வீட்டை அடைந்தார்கள். பின்னர்ச் சாட்சிகள் சொல் மாறினர். வழக்குப் பதின்மூன்று வருஷம் இழுத்தது. 2012 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு குற்றத்தை உறுதிசெய்தது. அவர் அதுவரை அநுபவித்த சிறைவாசத்தோடு, இரண்டு வருஷம் சமூக சேவை செய்யவும், 50 லட்சம் ரூபாய் செலுத்தவும் உத்தரவிட்டது. மோதிய வண்டி இன்னதென்று கண்டுபிடிக்கப்படாதவர்களின் குடும்பங்களுக்கே அத்தொகை பயன்பட வேண்டும் என்றும் கூறிற்று. பணமும் செல்வாக்கும் வழக்கை நீட்டலாம். சாலையில் சிந்திய எண்ணெயை அவை துடைக்கவில்லை.

பட்டறை நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. முன்விளக்கு உடைந்து, இடப்புறம் நசுங்கி, இராக்காலத்தில் அவசரமாய் வரும் வண்டியை, "எங்கே இடித்தது?" என்று கேளாமல் சரிசெய்து கொடுப்பது தொழில் தர்மமன்று. குறைந்தபட்சம் தேதியையும் எண்ணையும் கணக்கில் எழுதுங்கள். அவ்வெழுத்து என்ன செய்ததென்று பின்னர்ச் சொல்லுகிறேன்.

குடும்பத்திற்குக் கிடைப்பது

மோதிய வண்டி எதுவென்று தெரியாவிடினும் இறந்தவரின் குடும்பத்திற்கு உதவி உண்டு என்பதைப் பலர் அறியார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்கீழ், 2022ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி முதல், இறந்தவர் குடும்பத்திற்கு இரண்டு லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு ஐம்பதினாயிரம் ரூபாயும் அளிக்கப்படுகின்றன. அதற்கு முன் மரணத்திற்கு இருபத்தையாயிரமும், கொடுங்காயத்திற்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுமே. தாசில்தார் முதலிய விசாரணை அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை, பாங்குப் புத்தகம் முதலியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். அவர் ஒரு மாதத்தில் கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப, கலெக்டர் பதினைந்து நாளில் உத்தரவிட, மேலும் பதினைந்து நாளில் பணம் வருதல் வேண்டும் என்பது விதி.

இத்திட்டத்தை ஏழைகள் அறியாமலே போவதைக் கண்டு, 2024ஆம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒரு மாதத்திற்குள் வண்டி கண்டுபிடிக்கப்படாவிடில், போலீஸார் தாமே அக்குடும்பத்திற்கு இத்திட்டத்தைப் பற்றி எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது அது. இவ்வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூரிலுள்ள எலும்பு முறிவு வைத்திய நிபுணர் டாக்டர் ராஜசேகரன் அவர்கள். நொறுங்கிய எலும்புகளைத் தினந்தோறும் கண்ட ஒரு தமிழர், 2012ஆம் வருஷத்திலேயே தேசத்தின் உயர்ந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார் என்பது நமக்குப் பெருமையளிப்பதாகும்.

வைத்தியச் செலவுக்கும் வழியுண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளான எவருக்கும், எவ்வூராராயினும், முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் ஏற்கிறது. ஆகவே பணமில்லையே என்று தயங்கி நேரத்தை வீணாக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் முக்கியமானது ஒன்று. வண்டி இன்னதென்று தெரிந்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனியே, இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் முழு நஷ்டஈட்டையும் கொடுக்க வேண்டும். அது பெரும்பாலும் இரண்டு லட்சத்தினும் பன்மடங்கு மிகும். இதிலிருந்து விளங்குவது யாது? கண்டவர் வாய் மூடினால், குற்றவாளி தப்புகிறான் என்பதோடு முடிவதில்லை. விதவையின் கைக்கு வரவேண்டிய பொருளும் போகிறது. 2018ஆம் வருஷத்தில் என் மௌனம் நீடித்திருந்தால், அப்பெண்ணுக்குச் சட்டப்படி கிடைத்திருக்கக்கூடியது இருபத்தையாயிரமே.

நான் சொன்னபின்னும் அவள் எளிதில் பெறவில்லை. தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். "பன்னிரண்டு நாள் ஏன் பேசாதிருந்தீர்? பணத்திற்காக இந்த லாரியைப் பிற்பாடு கட்டியதுதானே?" என்று கேட்டார். அவர் கேள்வியில் தவறில்லை. என் தாமதமே அவர் கையில் ஆயுதமாயிற்று. கூண்டிலே நின்று, உறவுக்கு அஞ்சிப் பொய் சொன்னேன் என்று பலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டேன். இறுதியில் அவ்வழக்கைக் காப்பாற்றியது ஒரு பட்டறைக் கணக்குப் புத்தகம். விபத்துக்கு மறுநாள் அந்த லாரியின் இடப்புறம் சரிசெய்யப்பட்டதை, எழுத்தறிவு சிறிதே உடைய ஒரு பட்டறைக்காரர் எண்ணோடும் தேதியோடும் குறித்து வைத்திருந்தார். மூன்று வருஷத்திற்குப்பின் அப்பெண்ணுக்கு நஷ்டஈடு கிடைத்தது. முதல் நாளே நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அம்மூன்று வருஷத்தில் அவளுடைய மூத்த மகன் பள்ளியை விட்டுச் செங்கல் சூளைக்குப் போயிருக்க மாட்டான். அப்பையன் பிற்பாடும் பள்ளிக்குத் திரும்பவில்லை. இது எந்தத் தீர்ப்பாயமும் எனக்கு விதிக்காத தண்டனை.

நமது சங்கத்தின் கடமை

"சொந்தச் சாதிப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாய்" என்று ஏசியவர்களுக்கு இப்போது விடை கூறுகிறேன். அப்பிள்ளைக்கு நான் செய்த தீங்கு என் வாக்குமூலமன்று. என் பன்னிரண்டு நாள் மௌனம். அன்றிரவே அவனை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தால், இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் தானே வந்து சொன்னவன் என்னும் பெயர் அவனுக்கு இருந்திருக்கும். நாங்கள் மூடி மறைத்தமையால், ஓடி ஒளிந்தவன் என்னும் பெயரோடு கூண்டில் நின்றான். உறவினராகிய நாங்கள் அவனைக் காத்ததாக எண்ணிக் கெடுத்தோம்.

ஒரு சாதிக்குச் சங்கம் எதற்கு? எளியவனுக்குக் கைகொடுக்கவும், தவறியவனைத் திருத்தவுமே. வழக்கை அமுக்கவும், சாட்சியைக் கலைக்கவும், மலையேறிச் சென்று ஐயாயிரம் பதினாயிரம் கொடுத்துக் கைரேகை வாங்கவும் சங்கம் பயன்படுமாயின், அது சங்கமன்று, கட்டப் பஞ்சாயத்து. அப்பெயர் நமக்கு வேண்டாம். இன்று மலையாளியின் வீட்டில் அமுக்கப்படும் நியாயம், நாளை உளுந்தூர்பேட்டைச் சாலையில் நம் பிள்ளை விழுந்து கிடக்கும்போது நமக்கும் மறுக்கப்படும்.

ஆகையால் இச்சபை முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, விபத்து வழக்குகளில் நம் சங்கத்தின் நிர்வாகிகள் எவரும் சமாதானம் பேசச் செல்லலாகாது. இரண்டாவது, நம் ஓட்டுநர்களுக்கு 134ஆம் பிரிவு இன்னதென்று தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு லாரியிலும் ஒட்டும்படி கொடுத்தல் வேண்டும். பயந்து நிற்கும் பையன் எவனும் நள்ளிரவிலும் அழைக்கத்தக்கவராக, அவனோடு ஸ்டேஷனுக்குத் துணை வரும் பெரியவர் ஒருவரை ஊர்தோறும் நியமித்தல் வேண்டும். மூன்றாவது, 161ஆம் பிரிவின் மனுவை எழுதத் தெரியாதவர் எச்சாதியாராயினும், அதனை எழுதிக் கொடுக்க மாதத்தில் ஒரு நாள் நம் சங்கக் கட்டடத்தைத் திறந்து வைத்தல் வேண்டும். முதல் மாதம் எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்ளுகிறேன்.

அப்பெண் துவைத்து மடித்துக் கொடுத்த துண்டு இன்னமும் என் கடைப் பெட்டியில் இருக்கிறது. அதனை நான் உபயோகிப்பதில்லை. எறியவும் மனம் வரவில்லை. என் மைத்துனரும் நானும் இப்போது பேசிக்கொள்ளுகிறோம். சென்ற ஆண்டு அவர் தம் லாரிகள் அனைத்திலும், ஓட்டுநர் கண்ணுக்கெதிரே, "மோதினால் நில், நிற்க இயலாவிடில் ஸ்டேஷனில் நில்" என்று எழுதிவைத்தார். அவ்வாக்கியம் அவருடையதே. அதனையே இப்பிரசங்கத்தின் முடிவாகக் கொள்ளுகிறேன்.